வடிகட்டியும் சர்க்கரை டப்பாவும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் மிக்ஸிக்கு ஓய்வில்லை. மாம்பழ மில்க்‌ஷேக், சப்போட்டா ஷேக், சாத்துக்குடி ஜூஸ், தர்பூசணிச் சாறு, அச்சில் ஊற்றி உறையவைத்த திராட்சைக் குச்சி ஐஸ் என்று நாளுக்கொன்று தயாராகிறது. பெட்டிக்கடையில் தொங்கும் வண்ணத் தண்ணீரையும் பாக்கெட் பானங்களையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தரக் கூடாது என்ற உறுதியோடுதான் பெற்றோர் இத்தனை பாடுபடுகிறார்கள். அந்த அக்கறையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ‘வீட்டில் செய்தது’ என்பதே இன்று ஒரு நற்சான்றிதழாகிவிட்டது. சான்றிதழ் இருக்கிறதே என்ற நிம்மதியில், டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லை. பழத்தை அடித்து, வடிகட்டி, சக்கையைக் குப்பையில் தட்டிவிட்டு, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றித் தரும் ஒரு டம்ளர், கடைப் பானத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? பிள்ளைகளுக்குப் பழத்தில் தின்பண்டம் செய்து தரத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பண்டம் நல்லதா இல்லையா என்பது, அது எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொறுத்ததல்ல. வடிகட்டிக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் அதில் எவ்வளவு வேலை இருந்தது என்பதைப் பொறுத்தது.

கடைப் பானத்தின் மீது நமக்குள்ள சந்தேகம் நியாயமானது. ‘பழ பானம்’ என்ற பெயரில் ஒன்றை விற்க, அதில் பத்து விழுக்காடு பழம் இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு விதி. எலுமிச்சையென்றால் ஐந்து விழுக்காடே போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பானங்களின் மேலட்டையில் ‘நூறு விழுக்காடு பழச்சாறு’ என்று போட்டுக்கொள்வதை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட வேண்டியிருந்தது. சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,350 கிலோ கலோரி தேவை. சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வருவது மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டுதல். அந்த ஐந்து விழுக்காடு, இந்தப் பிள்ளைக்கு ஏறத்தாழ 17 கிராம். அதாவது நான்கு தேக்கரண்டி. காலைப் பாலில் ஒன்று, மாலை ஷேக்கில் மூன்று என்று போட்டாலே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது. பிஸ்கட்டும் ஜாமும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் தினசரிக் கலோரியில் 13 விழுக்காடு சர்க்கரையிலிருந்து வருகிறது என்று 2025 மே மாதம் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சிபிஎஸ்இ கவலைப்பட்டதும் இதனால்தான். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். தொழிற்சாலை போட்டால் நஞ்சு, நாம் போட்டால் பாசம் என்று சர்க்கரைக்கும் அப்படியொரு நியாயம் வைத்திருக்கிறோம். பிள்ளையின் உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சர்க்கரை டப்பாவின் குற்றம் கண்ணுக்குத் தெரிவது. வடிகட்டியின் குற்றம் தெரியாதது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், முழுப்பழத்தைக் கடித்துத் தின்னும்போது கிடைக்கும் சர்க்கரை அந்த வரம்புக்குள் வராது. அதே பழத்தைப் பிழிந்து சாறாக்கினால் வரும். ஒரே பழம், ஒரே சர்க்கரை. பிறகு ஏன் இந்தப் பாகுபாடு? பழத்தில் சர்க்கரை சும்மா கரைந்து கிடப்பதில்லை. நார்ச்சத்தாலான செல் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மென்று, விழுங்கி, குடலில் மெல்ல மெல்லத்தான் அது வெளியே வரும். 1977-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஓர் எளிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்துக் கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு நாள்களில் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைத் தின்பதைவிடப் பதினோரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் அதைவிடக் குறைவு. சாறு குடித்த பிறகு இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. ரத்தச் சர்க்கரை தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை அளவை மாற்றாமல், நாரை மட்டும் நீக்கியதால் வந்த வேறுபாடு இது. 2013-ல் ‘பிஎம்ஜே’ இதழில் வெளியான, ஏறத்தாழ 1,87,000 அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது: திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப்பழமாகத் தின்றவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக இருந்தது, பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து சமையலறைக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. கடித்துத் தின்பது முதலிடம். நறுக்கியது அதற்கு அடுத்து. மசித்தது, அரைத்தது நடுவில். வடிகட்டியது கடைசி. மிக்ஸியையே பரண்மேல் ஏற்றிவிடச் சொல்லவில்லை. அரைத்தாலும் சதை முழுவதும் பாத்திரத்தில் இருக்கிறதென்றால், கரண்டியால் அள்ளித் தின்னும் பதத்தில் இருக்கிறதென்றால், பழம் இன்னும் பழமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் விட்டு, வடித்து, மடமடவென்று குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவரும்போதுதான் அது பானமாக மாறுகிறது. குழந்தை மருத்துவர்கள் சாற்றுக்கு வரம்பு கட்டியிருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம், ஐந்து வயது வரை நாளொன்றுக்கு 125 மில்லி, அதற்கு மேல் 250 மில்லி போதும் என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் 2019-ல் பரிந்துரைத்தது. அந்தச் சாறும் புதிதாகப் பிழிந்ததாக இருக்க வேண்டும் என்றது. ‘உடம்புக்கு நல்லது’ என்று சொம்பு நிறைய ஜூஸ் கொடுக்கும் வழக்கத்துக்கு இதில் ஆதரவில்லை.

அப்படியானால் பழத்தை அப்படியே கையில் கொடுத்துவிட்டுப் போகலாமே, தின்பண்டம் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. தின்கிற பிள்ளைக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தின்பதில்லை. தின்கிற பிள்ளையும் எல்லா நாளும் தின்பதில்லை. இனிப்பின் மீதான விருப்பம் பிறவியிலேயே வருவது, தாய்ப்பாலே இனிப்பானது. தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடிக்கும்போது, தோழனின் கையில் குச்சி ஐஸ் இருக்கும்போது, ஒரு பிள்ளை கேட்பது சர்க்கரையை மட்டுமல்ல. அந்தக் குச்சியை, அந்தக் குளிரை, அந்த விசேஷத்தை. ‘கிண்ணத்தில் பப்பாளி இருக்கிறது, போய்த் தின்’ என்பது அதற்குப் பதிலாகாது. அதே பப்பாளி குச்சியில் ஏறி வந்தால் பதிலாகலாம். இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த நாள் கெட்டுவிடும் என்ற நிலையில் இருக்கும் கனிந்த வாழைப்பழத்தையும் அடிபட்ட மாம்பழத்தையும் யாரும் கையில் எடுத்துத் தின்ன மாட்டார்கள். தின்பண்டம் செய்ய அவைதாம் சிறந்தவை. இனிப்பு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

வாழைப்பழ ஐஸ்கிரீமையே எடுத்துக்கொள்ளலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம் மூன்று. தோலுரித்து விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் ஓரிரவு வைக்க வேண்டும். மறுநாள் வெளியே எடுத்து இரண்டு நிமிடம் விட்டு, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். முதலில் ரவைபோல் உதிரும். ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி சுற்றினால் மாவுபோல் உருளும். இனி வராது என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று இளகி, பால் ஐஸ்கிரீமின் வழவழப்புக்கு வந்துவிடும். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வாழைச் சதையின் பெக்டினும் கெட்டியான மாவுத்தன்மையும் செய்யும் வேலை அது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குளிர்ச்சி நாக்கின் இனிப்பு உணர்வை மங்கச் செய்யும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். உறைந்த நிலையில் இனிக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு சர்க்கரை போட்டிருப்பார்கள். போதாததற்கு, சர்க்கரை பாறைபோல் உறைவதையும் தடுக்கிறது. ஆகவே நீர்த்த சாற்றைச் சர்க்கரையில்லாமல் உறையவைத்தால், சப்பென்ற பனிக்கட்டிதான் கிடைக்கும். தோற்றுப்போய் டப்பாவைத் தேடுவோம். நன்றாகக் கனிந்த பழத்தைத் தண்ணீர் விடாமல் சதையோடு மசித்து, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கெட்டித் தயிர் சேர்த்து அச்சில் ஊற்றினால் பல்லுக்கு இளகும். வடிகட்டியை விலக்கினால் சர்க்கரையின் தேவையும் தானாகக் குறைகிறது என்பதற்கு இது கைகண்ட சான்று.

இதெல்லாம் புதிதாக இறக்குமதியான யோசனையும் அல்ல. இலந்தைப்பழத்தை உப்பு, புளி, மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் வெல்லம் சேர்த்து உரலில் இடித்து, தட்டி வெயிலில் காயவைத்த இலந்தை வடை, பள்ளிக்கூட வாசலில் தலைமுறை தலைமுறையாக விற்ற பண்டம். யாழ்ப்பாணத்தில் கனிந்த பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றிக் காயவைத்து, அதன்மேல் மறுநாள் மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காகத் தடித்ததும் துண்டு போட்டு வைக்கும் பனாட்டு, மேல்நாட்டுக் கடைகளில் ‘ஃப்ரூட் லெதர்’ என்ற பெயரில் விற்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அங்கே நீக்குவது தின்ன முடியாத தும்பை மட்டும். களி முழுவதும் பாயில் தங்கிவிடுகிறது. விளாம்பழத்தை உடைத்து ஓட்டுக்குள்ளேயே வெல்லம் போட்டுக் குழைத்துத் தின்பதும், கொய்யாக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தின்பதும் இதே மரபுதான். இவற்றின் பொதுக்குணத்தைக் கவனியுங்கள்: சதை போகவில்லை, மெல்லாமல் விழுங்க முடியாது, புளிப்பும் துவர்ப்பும் காரமும் இனிப்புக்கு இணையாக நிற்கின்றன. பழத்தின்பண்டம் என்றாலே பாகுபோல் இனிக்க வேண்டும் என்பது பிற்காலப் பழக்கம். அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று வாதாடவும் வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி மலைவாழை இருக்கிறது, வெல்லமும் தேனும் நெய்யும் இருக்கின்றன. உள்ளங்கையில் ஒரு துளி வாங்கிக்கொள்ளும் பிரசாதம் அது. அதையே டப்பாவில் வைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் ஜாமுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. காயவைத்த பழத்திலும் நீர் வற்றச் சர்க்கரை செறிகிறது, பல்லிலும் ஒட்டுகிறது. ஒரு துண்டு போதும், அதுவும் சாப்பாட்டோடு.

வெல்லம் என்றதும் ஒரு வாதம் எழும்: ‘நாங்கள் வெள்ளைச் சர்க்கரை போடுவதில்லை, நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன்தான்.’ இந்த நம்பிக்கை இன்று மிகப் பரவலானது, அதனாலேயே ஆபத்தானது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். தாதுச்சத்து இருப்பது உண்மை. ஆனால் ஒரு கரண்டியில் கிடைக்கும் அளவு அற்பம். அந்தச் சத்துக்காகக் கரண்டியைக் கூட்டினால், சத்தைவிடச் சர்க்கரையே அதிகம் உள்ளே போகும். தேனையும் உலக சுகாதார நிறுவனம் அதே வரம்புக்குள்தான் வைக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கான நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கக்கூடும். மணத்துக்கும் ருசிக்கும் கருப்பட்டி சேருங்கள், குற்றமில்லை. ஆனால் அதைச் சர்க்கரையாகவே எண்ணிச் சேருங்கள். இனிப்பு போதவில்லையென்றால் இன்னொரு பழமே வழி: புளிக்கும் அன்னாசியோடு கனிந்த வாழை, துவர்க்கும் நாவலோடு சப்போட்டா, பொடியாக நறுக்கிய பேரீச்சை.

‘ஒரு டம்ளரில் என்ன வந்துவிடப் போகிறது, ஓடியாடும் பிள்ளைதானே, கரைந்துவிடும்’ என்பது அடுத்த வாதம். ஒரு நாள் டம்ளரில் ஒன்றும் வராதுதான். பழக்கமாகிவிட்ட இனிப்பின் அளவில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து பிரிட்டனில் அமலில் இருந்த சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது; மக்கள் உட்கொண்ட சர்க்கரை ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களின் பிற்கால உடல்நலத்தை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷனுக்குள் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், உயர் ரத்த அழுத்தத்துக்கான வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. அந்தப் பிள்ளைகள் சர்க்கரையே அறியாமல் வளரவில்லை. அளவோடு வளர்ந்தார்கள், அவ்வளவே. ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும், 2023-ல் வெளியான ‘ஐசிஎம்ஆர்–இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவோடு வாழும் தமிழ்நாடு, இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சர்க்கரையே சேர்க்க வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம், இதற்கெல்லாம் நேரம் யாருக்கு, பணம் யாருக்கு என்பது. ‘ஆரோக்கியம்’ என்று எழுதப்படும் ஒவ்வொரு பத்தியும் கடைசியில் ஒரு பெண்ணின் முதுகில் இன்னொரு வேலையாக ஏறுகிறது என்ற புகார் உண்மையானது. ஆனால் இங்கே சொல்லப்படும் பாதை வேலையைக் கூட்டுவதல்ல, குறைப்பது. பிழிவது, வடிகட்டுவது, பாகு காய்ச்சுவது, வடிகட்டியைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் இதில் இல்லை. வாழைப்பழத்தை நறுக்கித் தட்டில் பரப்ப அப்பாவுக்கும் தெரியும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் முடியும். தன் கையால் செய்ததைப் பிள்ளை மிச்சம் வைப்பதும் அரிது. செலவைப் பொறுத்தவரை, பழம் என்றாலே மெழுகு பூசிய ஆப்பிளும் கிவியும் டிராகன் பழமும்தான் என்ற மயக்கம்தான் நம்மைக் கெடுக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. அதே அளவு ஆரஞ்சில் ஐம்பதை ஒட்டித்தான். அந்த வைட்டமின், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை காணப்பட்டது என்பதை நினைத்தால், மதியச் சாப்பாட்டோடு தரும் நான்கு கொய்யாத் துண்டுகளும் ஒரு நெல்லிக்காயும் எந்த ஷேக்கையும்விட மதிப்புள்ளவை. ஃப்ரீசர் இல்லாத வீட்டுக்கும் அது எட்டும்.

சர்க்கரைக்குப் பழகிவிட்ட பிள்ளை இதை ஏற்குமா? முதல் நாள் ஏற்காது. புதிய சுவையைப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள எட்டுப் பத்து முறையாவது வாயில் பட வேண்டியிருக்கும் என்பது உணவுப் பழக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. இரண்டாம் முறையே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். மூன்று கரண்டியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று என்று இறங்கலாம். நாக்கு இறங்கிவரும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்க வேண்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வீட்டில் மட்டும் மாறினால் போதுமா என்றால், போதாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதி தாளோடு நிற்காமல் வாசலுக்கு வர வேண்டும். அந்த இடத்தில் கொய்யாக்கூடைக்காரருக்கு இடம் தர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை நம் அடுப்படியில் இருக்கிறது.

செய்தது நல்ல பண்டமா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வேலை முடிந்ததும் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தால் போதும். தோலும் கொட்டையும் மட்டும் கிடந்தால், பழத்தைப் பிள்ளை தின்றிருக்கிறது. சக்கை கிடந்தால், பழத்தைக் கூடை தின்றுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது.